சவலை

தமிழில் ‘சவலைப்பிள்ளை’ என்றொரு சொல் உண்டு. தாய் மறுபடி கருவுற்றதால் பால் வற்றி, நோஞ்சானாகிப்போன குழந்தைக்கு அந்தப் பெயர். இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், கால் வீங்கி, முடி நிறம் மாறிச் சோர்ந்துகிடந்த குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். தாய்ப்பாலுக்குப் பதில் மக்காச்சோள உணவு மட்டுமே கிடைத்த குழந்தைகள் அவர்கள். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்ற பொருளில் அந்த ஊர்ப் பெண்கள் அதைக் ‘குவாஷியார்கர்’ என்றார்கள். மருத்துவ நூல்களிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே துயரத்துக்குப் பெயர் வைத்திருக்கின்றன. இரண்டு சொல்லிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் என்ன சாப்பிட்டாள், அடுத்த கருவை அவள் விரும்பினாளா என்ற கேள்விகள் இல்லை.

நெய்யூரில் 1838இலேயே மிஷன் மருத்துவப்பணி தொடங்கிவிட்டது. ஆனாலும் மருத்துவமனைக்குப் போகும் முன்பே வீட்டில் தீர்ப்பு வந்துவிடுகிறது: “பாலை மறக்கடிச்சிரு மக்களே, வயித்துல இருக்கதுக்கு ஆகாது.” பிறகு மூத்தது மெலிந்தால், பழியும் அவளுக்குத்தான்.

மருத்துவம் இவ்வளவு கண்டிப்பாக இல்லை. சிக்கலில்லாத கர்ப்பத்தில், ஆரோக்கியமான பெண் பால் கொடுப்பதைத் தொடரலாம். இரத்தப்போக்கு, முன்பு குறைமாதப் பிரசவம், இரட்டைக் கரு என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கர்ப்பத்தின் நடுமாதங்களில் பால் பெரும்பாலும் தானாகவே குறையும்; சுவையும் மாறும். மூத்தது ஒரு வயதுக்குள் என்றால் அதன் எடையைக் கவனித்தே ஆகவேண்டும். ஒரு வயது தாண்டியதற்கு உணவே பிரதானம். மரச்சீனியும் கஞ்சியும் வயிற்றை நிரப்பும், புரதம் தராது. முள் நீக்கிய சாளை, முட்டை, குழைய வேகவைத்த சிறுபயறு சேர வேண்டும்.

அந்தத் தாய்க்கு? கர்ப்பத்துக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பாலூட்டுவதற்கு முதல் ஆறு மாதம் 600, அடுத்த ஆறு மாதம் 520. இரண்டையும் ஒருசேரச் சுமப்பவளின் தட்டில் கூடுதலாக ஒரு மீன் துண்டு விழுகிறதா? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்கூட கர்ப்ப காலத்துக்கும், பேறுக்குப் பின் ஆறு மாதத்துக்கும்தான் உணவுக்கு உரிமை தருகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் கர்ப்பிணி அதன் கணக்கில் வெறும் கர்ப்பிணிதான்.

ஆகவே, ‘மூத்ததுக்கா, வயிற்றில் இருப்பதற்கா, யாருக்கு அநியாயம் செய்கிறாள்?’ என்ற கேள்வியே தவறு. பங்கு பிரிப்பவள் அவளல்ல. அவளுக்குக் கிடைத்த பங்கிலிருந்துதான் இருவரும் உண்கிறார்கள். ஒரு பேறுக்குப் பின் அடுத்த கருவுக்கு முயல குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த இடைவெளியை அவள் ஒருத்தியே முடிவுசெய்ய முடிகிற வீடுகள் எத்தனை?

இதைச் சொல்லும்போது இன்னொரு பொறியையும் தவிர்க்க வேண்டும். ‘கொடுக்கலாம்’ என்பது ‘கொடுத்தே ஆகவேண்டும்’ என்று மாறிவிடக் கூடாது. மார்க்காம்பு வலிக்கிறது, உடம்பு தாங்கவில்லை, போதும் என்று அவள் நிறுத்தினால், அது பாசக்குறைவு ஆகாது. மூத்ததற்குச் சோறூட்ட அப்பாவுக்கும் கை இருக்கிறது.

கர்ப்பிணியைப் பார்க்க வருகிறவர்கள், “இன்னும் பால் குடுக்கியா?” என்று கேட்கும் முன், “நீ என்ன சாப்பிட்ட?” என்று கேட்கட்டும். பதில் சரியில்லை என்றால், அந்த வீட்டு ஆண்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்கட்டும்.