கற்பிக்கையில் தெளியும் கல்வி

கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அது நமக்கே விளங்குகிறது என்பதை, உபாத்தியாயத் தொழிலில் சில காலம் இருந்தவர் எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், முதலில் கற்று முடித்துப் பின்னரே கற்பிக்க வேண்டும் என்று அவ்விரண்டையும் இருவேறு பருவங்களாக நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் அவ்வாறு பிரிக்கவில்லை.

அங்கே தரையில் பரப்பிய மணலில், சிறுவனுடைய சுட்டுவிரலைப் பற்றி அகரத்தின் சுழியை வளைத்துக் காட்டி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லி அவனையும் உடன் சொல்லவைத்து, பிசகினால் உள்ளங்கையால் மணலைத் தடவி அழித்து மறுபடியும் எழுதச் செய்தவன், பெரும்பாலும் அவனைவிடச் சில வயதே மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளைதான். கண்ணும் செவியும் வாயும் விரலும் ஒருங்கே உழைத்த மணலெழுத்து அப்பியாசம், 1787-இல் சென்னைக்கு வந்து, எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக 1789-இல் ஏற்பட்ட விடுதிப் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாரின் கண்ணில் பட்டது. அவ்வழக்கத்தைத் தம் பள்ளியில் புகுத்த அவர் முயன்றபோது உபாத்தியாயர்கள் இசையாமற்போகவே, ஏறக்குறைய எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் ஆகாதென்று கைவிட்டதை அவன் செய்து காட்டினான். 1797-இல் லண்டனில் அச்சான பெல்லின் நூல் வழியே, மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவியது.

அச்சிறுவனுக்கு அது கைகூடியது எதனால்? தேர்ந்தவருக்கு எழுத்து எளிதாகிவிடுகிறது. எளிதாகிப்போன காரணத்தாலேயே அதன் கடினம் அவருக்கு மறந்துபோகிறது. நேற்றுவரை தான் தடுமாறிய இடம் நெஞ்சில் பசுமையாக இருப்பவனோ, இளையவன் எங்கே தடுமாறுவான் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அங்கே அவன் விரலைத் தாங்கிப் பிடிக்கிறான். அவ்விளையவன் "ஏன்?" என்று கேட்கும் கணத்திலேயே, தெரியும் என்று தான் எண்ணியிருந்ததில் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதும் கற்பிப்பவனுக்குப் புலனாகிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு இடமில்லாத போது இம்முறை உயிரிழந்தது. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, செலவைச் சுருக்கும் உபாயமாக இதனைக் கையாண்ட பள்ளிகளில் ஒப்புவித்தலே மிஞ்சியது. பிரம்பும் நெட்டுருவும் ஆண்ட திண்ணைகளிலும் நிலைமை வேறாக இருந்திராது.

ஆதலால், படிப்பை முடித்துவிட்டதாக எண்ணும் நாம் ஒவ்வொருவரும், இளையவர் ஒருவரையேனும் அருகில் அமர்த்தி, நாம் அறிந்தவற்றுள் ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சிரத்தையுடன் செவிசாய்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். வித்தியாதானம் புண்ணியம் என்பது ஒருபுறமிருக்க, நம்மிடம் உள்ளதில் எது அறிவு, எது வெறும் ஞாபகம் என்று பகுத்துக் காட்ட அதனினும் நேர்மையான பரீட்சை வேறில்லை.