வினாவும் வாக்குமூலமும்

ஒருவன் தனிமையில் வினவுபவற்றைக் கொண்டு அவனை மதிப்பிடலாமா? இவ்வினா பழையது, ஆயின் தேடுபொறிகளின் வருகையோடு புதிய கூர்மை பெற்றுள்ளது. கூச்சத்தால் நெஞ்சுள் அடங்கியவை இன்று எழுத்தாகின்றன, எழுத்து சேமிக்கப்படுகின்றது.

2006 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கா ஒன்லைன் என்னும் நிறுவனம், ஏறத்தாழ 650,000 பயனாளர் மூன்று மாத காலத்தில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை ஆய்வாளர்க்கென வெளியிட்டது. பெயர்கள் நீக்கப்பட்டு, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டிருந்தது. சில நாட்களில் நிறுவனம் அதனை மீளப் பெற்றதாயினும் பிரதிகள் பரவிவிட்டன. ஓர் எண்ணுக்குரிய தேடல்களைப் பின்தொடர்ந்த நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர், அதற்குரிய முதிய பெண்மணியைக் கண்டறிந்தனர். மரத்துப்போன விரல்கள், மணத்துணையற்ற அறுபது வயது ஆடவர், கண்ட இடமெல்லாம் சிறுநீர் கழிக்கும் நாய் என்பன அவர் தேடியவற்றுட் சில. நாயைப் பற்றி வாசிக்குமிடத்து நகைக்காதிருத்தல் அரிது. நகைப்பதிற் பெருங்குற்றமும் இல்லை.

ஆயின் அப்பதிவில் நோய்கள் பற்றிய தேடல்களும் இருந்தன. அவற்றை மட்டும் வாசிப்பவர் அப்பெண்மணி பிணிகளாற் சூழப்பட்டவர் என்றே முடிவுசெய்வர். அவர் தந்த விளக்கமோ வேறு. நண்பர்களின் அச்சத்தைத் தணிக்கும்பொருட்டு அவர்களது நோய்களைத் தேடி அறிவது அவர் வழக்கம். நிக்கொட்டின் பற்றித் தேடியதும் புகைத்தலைக் கைவிடவேண்டிய ஒரு தோழிக்காகவே. நோயாளியின் பதிவெனத் தோன்றியதிற் பெரும்பகுதி நட்பின் பதிவாக இருந்தது.

பிளேற்றோவின் 'குடியரசு' கூறும் மோதிரக் கதையை இங்கு நினைவுகூரலாம். தன்னைப் பிறர் காணாவண்ணம் மறைக்கும் மோதிரம் பெற்ற இடையன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கவர்கின்றான். தேடுபொறியும் அத்தகைய மோதிரமே, அங்கேதான் மனிதனின் மெய்யுரு வெளிப்படுகின்றது என்பார் உளர். கருத்துக்கணிப்பிற் பொய்யுரைப்போர் தேடலில் உண்மையராகின்றனர் என்று சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிற்ஸ் 2017இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். பெருந்தொகையினரின் போக்கை அறிய இது ஓரளவு உதவலாம். தனியொருவரை அளக்க இது உதவாது. இடையன் செயல் புரிந்தான், தேடுபவரோ வினவுகின்றார். நஞ்சொன்றின் பெயரைத் தேடுபவர் துப்பறியும் கதை எழுதுபவராகலாம்; குழந்தை எதையோ விழுங்கிவிட்டதெனப் பதறும் தாயுமாகலாம். விரிவுரை மண்டபத்தில் அறிந்தவர்போலத் தலையசைத்துவிட்டு, இரவில் அச்சொல்லின் பொருளைத் தேடாத மாணவர் எவர்? (மாணவர் மட்டுமா?)

அவ்வாறாயின் தேடலுக்கு எவரும் பொறுப்பாளரல்லரோ எனக் கேட்கலாம். குற்ற வழக்குகளில் தேடற் பதிவுகள் சான்றாகக் கொள்ளப்படுவது உண்மையே. ஆயின் அங்கு ஒரு செயல் முன்னரே நிற்கின்றது. தேடல் அச்செயலுக்கு விளக்காகின்றது. செயலேதுமின்றி வினாவையே வாக்குமூலமாக்குவது வேறு. அதனால் முதலிற் பாதிக்கப்படுவோர் தீயோரல்லர். உடலிற் கண்ட மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லவும் நாணுகின்ற இளையோரும், தம் அறியாமையைப் பிறர் அறிவரே என அஞ்சுவோருமேயாவர்.

தம் தேடல்கள் வெளியானதை அறிந்த அப்பெண்மணி, அந்நிறுவனத்தின் சேவையைக் கைவிடவிருப்பதாகக் கூறினார். அடுத்த தோழியின் நோயைப் பற்றி அவர் யாரிடம் கேட்பது?