கணக்கிடும் முன் பாருங்கள்

தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேரப்போகும் மாணவர்கள் பலர், கல்லூரி திறக்கும் முன்பே பைத்தான் வகுப்பைத் தேடுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அதற்கும் முன்னால் வரவேண்டியது எண்களைக் கேள்வி கேட்கும் பழக்கம். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி ஏறத்தாழ 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82. வரைபடத்தாளில் குறித்தால்தான் வேறுபாடு தெரியும். முதலாவது ஒரு நேர்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கிறது. இரண்டாவது வில்லாக வளைகிறது. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி விலகி நின்று கணக்கைக் கெடுக்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, தொலைவில் உள்ள ஒற்றைப் புள்ளியே அந்த உறவை உண்டாக்குகிறது.

படத்தையும் கணினியே வரையுமே என்று கேட்கலாம். வரையும், ஆனால் விலகி நிற்கும் புள்ளி பதிவுப் பிழையா, உண்மையான விதிவிலக்கா என்று விசாரிப்பது நம் பொறுப்பு. வேலை தருபவர்கள் மென்பொருள் திறனைத்தானே கேட்கிறார்கள் என்பதும் நியாயமான கேள்வி. மென்பொருள்கள் மாறும், பணியிலும் கற்கலாம்; சராசரி எதை மறைக்கிறது என்று அறியாதவருக்கு அவை தவறான விடையையும் வேகமாகத் தந்துவிடும். ஆகவே, பள்ளிப் புத்தகத்தின் புள்ளியியல், நிகழ்தகவுப் பாடங்களை மறுபடி எடுங்கள். ஆன்ஸ்கோமின் 44 புள்ளிகளையும் பென்சிலால் குறித்துப் பாருங்கள். பட்டப்படிப்புக்கு இதைவிட உறுதியான அடித்தளம் இல்லை.