மறுப்பும் பொறுப்பும்

ஒரு சமூகத்தின் முதல் ஆளாக ஒரு துறைக்குள் நுழைபவரின் வெற்றியும் தவறும் அவருடையவையாக மட்டும் நின்றுவிடுவதில்லை; பார்ப்பவர்கள் அவரை வைத்தே அந்தச் சமூகம் முழுவதையும் எடைபோடுகிறார்கள். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் எதை ஏற்க வேண்டும், எதை மறுக்க வேண்டும், தமக்கென வாழ அவருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்னும் வினாக்களுக்கு எளிய விடை கிடையாது. ஹாலிவுட் நடிகர் சிட்னி பாய்ட்டியரின் (1927–2022) நெடிய வாழ்வு இவ்வினாக்களைத் தொடர்ந்து எதிர்கொண்ட ஒன்றாகும்.

பாய்ட்டியரின் பெற்றோர் பஹாமாஸின் கேட் தீவில் தக்காளி பயிரிட்டு வாழ்ந்தவர்கள். விளைச்சலை விற்க அவர்கள் மயாமி சென்றிருந்தபோது குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தை பிழைக்காது என்று கருதி, தந்தை அடக்கம் செய்வதற்கான சிறு பெட்டியைக்கூட வாங்கி வைத்துவிட்டார். பிழைத்துக்கொண்ட பிள்ளை, கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழ்ந்த அத்தீவில், தன் நிறத்தைத் தாழ்வென எண்ணக் காரணமில்லாமல் வளர்ந்தது. 15 வயதில் மயாமிக்கு அனுப்பப்பட்டபோதுதான், பள்ளி, பேருந்து, உணவகம் என அனைத்திலும் கறுப்பரை வெள்ளையரிடமிருந்து பிரித்துவைக்கும் இனவொதுக்கல் முறையை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். தாம் தாழ்ந்தவர் என்பதை ஏற்க அவர் மனம் முன்பே பழக்கப்பட்டிருக்கவில்லை என்பது அவருடைய பிற்கால முடிவுகள் பலவற்றை விளக்குகிறது. நியூயார்க்கில் பாத்திரம் கழுவிப் பிழைத்த காலத்தில், வாசிப்புத் தடுமாற்றத்துக்காகவும் தீவுவாசிகளின் பேச்சுச் சாயலுக்காகவும் ஒரு நாடகக் குழு அவரைத் திருப்பி அனுப்பியது. அவர் வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். உணவகத்தில் பணிபுரிந்த முதிய யூதர் ஒருவர், வேலை முடிந்த பிறகு செய்தித்தாளை விரித்துவைத்து அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அவர் நுழைந்த திரையுலகம் கறுப்பின நடிகர்களுக்கென ஒருசில பாத்திர வார்ப்புகளையே வைத்திருந்தது. வீட்டு வேலைக்காரி, அஞ்சி நடுங்கும் பணியாள், சிரிக்க வைக்கும் சோம்பேறி ஆகியவற்றைத் தாண்டி அவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்து, ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல், 1940ஆம் ஆண்டு விழாவில் உடன் நடித்தவர்களிடமிருந்து விலக்கப்பட்டுத் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். திறமையைப் பாராட்டிய அதே அரங்கம் மனிதரைச் சமமாக நடத்த மறுத்தது.

இச்சூழலில் பாய்ட்டியர் கைக்கொண்ட முதல் கருவி மறுப்புதான். 1950களில் வந்த ஒரு வாய்ப்பில், குற்றமொன்றைக் கண்ட கறுப்பினத் தொழிலாளி ஒருவர், மிரட்டலாகத் தம் மகளே கொல்லப்பட்ட பின்னும் எதுவும் செய்யாமல் இருந்துவிடுவதாகக் கதை அமைந்திருந்தது. மனைவி இரண்டாம் குழந்தையைச் சுமந்திருக்க, மருத்துவச் செலவுக்குக் கையில் பணமில்லாத நிலையிலும் அவர் அப்பாத்திரத்தை மறுத்தார். வீட்டுச் சாமான்களை ஈடாக வைத்து 75 டாலர் கடன் வாங்கினார். தம் தந்தை அப்படி ஒருபோதும் நடந்துகொண்டிருக்க மாட்டார் என்பதே அவர் பின்னாளில் கூறிய காரணம். இந்த மறுப்பைப் பார்ப்பதற்கு அப்போது மக்கள் கூட்டமில்லை, பாராட்டும் கிடைக்கவில்லை. தன்மானம் பிறர் பார்வைக்காகக் கடைப்பிடிக்கப்படும் ஒழுக்கமன்று என்பதற்கு அதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அத்தகைய உறுதி 1960களில் பலன் தந்தது. பாலைநிலத்தில் கன்னியாஸ்திரீகளுக்குச் சிற்றாலயம் கட்டித்தரும் தொழிலாளியாக நடித்த 'லிலீஸ் ஆஃப் த ஃபீல்ட்' படத்துக்காக, 1964ஆம் ஆண்டு விழாவில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1967இல் வந்த 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' படத்தில், பண்ணை முதலாளி ஒருவர் தம் செடிவளர்ப்புக் கூடத்தில், பாய்ட்டியர் நடித்த கறுப்பினத் துப்பறிவாளரான டிப்ஸைக் கன்னத்தில் அறைகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் டிப்ஸ் திருப்பி அறைகிறார். முதலாளி உள்ளூர்க் காவல் தலைவரைப் பார்த்து, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க, அவருக்கோ விடை தெரியவில்லை. அறையைக் காட்டிலும் அந்தத் திகைப்பே காட்சியின் உயிர். அதுவரை இருந்த ஒழுங்கில் இந்நிகழ்வுக்கு விதியே எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆயினும் அதே ஆண்டில் கறுப்பின நாடக ஆசிரியர் கிளிஃபர்ட் மேசன், 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் பாய்ட்டியரின் பாத்திரங்களைக் கடுமையாக விமர்சித்தார். அவை மாசுமறுவற்றவை, சொந்த வாழ்வும் ஆசையும் அற்றவை, வெள்ளையரின் மனத்தை ஆறுதற்படுத்தவே படைக்கப்பட்டவை என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தில், வெள்ளையினப் பெண்ணை மணக்க விரும்பும், பாய்ட்டியர் நடித்த நாயகன் உலகப் புகழ்பெற்ற மருத்துவராக இருக்க வேண்டியிருந்தது; சராசரிக் குறைநிறைகள் கொண்ட கறுப்பின இளைஞனை அப்பெண்ணின் பெற்றோர் ஏற்பதாகக் காட்டும் துணிவு திரையுலகத்துக்கு வரவில்லை. கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் 16 மாநிலங்களில் அவ்வாண்டு ஜூன் வரை நடைமுறையில் இருந்தன என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே பழியை யார்மீது சுமத்துவது என்பதில் கவனம் வேண்டும். இழிவை மறுத்தது பாய்ட்டியரின் தேர்வு. குற்றமற்றவராக மட்டுமே காட்சிதர முடிந்தது அவர்மீது திணிக்கப்பட்ட நிபந்தனை. நூறு வெள்ளையின நாயகர்கள் கோழையாகவும் கயவராகவும் நடித்தால் அது கலை எனப்படும். கறுப்பின நாயகர் ஒருவரே இருக்கும்போது அவர் கயவராக நடித்தால் அது இனத்தின்மீதான சாட்சியமாகிவிடும். ஒற்றை ஆளாக நிற்பவருக்குத் தவறும் உரிமை பறிக்கப்படுகிறது. சமத்துவமின்மையின் நுட்பமான கொடுமைகளுள் இதுவும் ஒன்று. ஏனெனில் அது பாராட்டின் உருவிலேயே வந்து சேர்கிறது.

பாய்ட்டியர் இதற்குத் தந்த விடை வாதமாக அமையாமல் செயலாக அமைந்தது. 1972இல் 'பக் அண்ட் த பிரீச்சர்' படத்தின் மூலம் இயக்குநரான அவர், 1974இல் ஹாரி பெலஃபான்டே, ரிச்சர்ட் பிரயர் முதலான கறுப்பின நடிகர்கள் நிறைந்த 'அப்டவுன் சாட்டர்டே நைட்' என்னும் நகைச்சுவைப் படத்தை இயக்கினார். அதில் வரும் கறுப்பின மாந்தர் பொய் சொல்கிறார்கள், ஏமாறுகிறார்கள், அஞ்சுகிறார்கள், சிரிக்கிறார்கள். எவரும் இனத்தின் பிரதிநிதியாக நிற்க வேண்டியதில்லை. பிரயரும் ஜீன் வைல்டரும் நடிக்க அவர் இயக்கிய 'ஸ்டிர் கிரேசி' (1980) பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தாம் பெற்ற மதிப்பை மேலும் தமக்கே பெருக்கிக்கொள்ளாமல், பிறர் நிற்பதற்கான இடமாக மாற்றினார் என்றே இக்காலப் பகுதியைப் படிக்க வேண்டும்.

எனினும் ஒருவரின் முயற்சி எவ்வளவு உயர்ந்ததாயினும் அதற்கு எல்லை உண்டு. பாய்ட்டியருக்குப் பின் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் மீண்டும் ஒரு கறுப்பினத்தவருக்குக் கிடைக்க 38 ஆண்டுகள் ஆயின. 2002இல் டென்சல் வாஷிங்டன் அதைப் பெற்ற அதே இரவில், பாய்ட்டியருக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டது. ஒருவர் மாசற்றவராக இருந்து காட்டினால் மற்றவர்களுக்குக் கதவு தானாகத் திறக்கும் என்னும் நம்பிக்கையை இந்த நீண்ட இடைவெளி பொய்யாக்குகிறது.

இவ்வாழ்விலிருந்து இரு கடமைகள் தெளிவாகின்றன. முதல் ஆளாக நுழைபவர் தம்மைச் சிறுமைப்படுத்துவதை, பட்டினியின் விளிம்பிலும், மறுக்கலாம். இடம் கிடைத்தபின் தாம் ஒற்றை ஆளாகவே நீடிக்கும் நிலையை முடிவுக்குக் கொண்டுவர உழைக்கலாம். ஆனால் பெரிய கடமை பார்ப்பவர்களுடையது. ஒரு மனிதரிடம் ஒரு சமூகத்தின் முழு நற்சான்றையும் எதிர்பார்ப்பது அநீதி என்பதை உணர்ந்து, அவருக்குப் பின்னால் எத்தனை பேர் உள்ளே வந்திருக்கிறார்கள், அவர்களுள் எத்தனை பேர் சாதாரண மனிதர்களாகத் தவறிழைக்கவும் உரிமை பெற்றிருக்கிறார்கள் என்று கேட்பதே நேர்மையான அளவுகோல்.