நிகழ்காலத்தில் அழுவது

ஏமி கிராண்ட் 1997 செப்டம்பரில் ‘பிஹைண்ட் தி ஐஸ்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அமெரிக்காவில் கிறிஸ்தவப் பாப் இசைக்கென்று ஒரு சந்தை எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1982-இல் வந்த ‘ஏஜ் டு ஏஜ்’ சபைக் குடும்பங்களில் அவரை வீட்டுப் பிள்ளையாக்கியது. 1991-இல் ‘பேபி பேபி’ அந்த நாட்டின் பொதுத் தரவரிசையிலேயே முதலிடத்துக்குப் போனது. அப்படிப்பட்டவர் 1997-இல் பாடியது மனமுறிவை. பிரிவு, ஏக்கம், நேற்றுவரை இருந்த அன்பு எங்கே போயிற்று என்ற திகைப்பு. இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மணவாழ்க்கை மணவிலக்கில் முடிந்தது. ஆனால் தொகுப்பு வந்த வேளையில் எழுந்த குறை வேறு: பாடல்களில் இயேசுவின் பெயர் இல்லையே! 1998-இல் அதற்குக் கிறிஸ்தவ இசை உலகின் ‘டவ்’ விருது கிடைத்தபோதும் முணுமுணுப்பு அடங்கவில்லை. எது நற்செய்திப் பாடல் என்று விருது வழங்கும் அமைப்பு வரையறை வகுத்ததும் அந்தக் காலத்தில்தான். நிமிடத்துக்கு எத்தனை ‘இயேசு’ என்று கணக்கிடும் கேலிப்பேச்சு ஒன்று அந்தத் தொழிலுக்குள்ளேயே உண்டு. ஒருத்தி தன் வீடு இடிவதைப் பாடிக்கொண்டிருக்கிறாள். கேட்பவர்கள் பெயரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எண்ணிக்கைதான் எனக்கு உறுத்துகிறது.

எண்ணியவர்களின் மனக்குறை உண்மையில் பெயரைப் பற்றியதுதானா? நம் சபைகளைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எந்தச் சபையானாலும், ஆற்காடு மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. ஆகட்டும், ஆம்பூர் லுத்தரன் ஆகட்டும், ஷூ கம்பெனிக்குப் பின்தெருவில் தகரக் கூரையின் கீழ் கூடும் பெந்தெகொஸ்தே ஆகட்டும், துன்பத்தைச் சொல்ல ஒரு நேரம் உண்டு. சாட்சி நேரம். எழுந்து நிற்பவர் கடனைச் சொல்லலாம், நோயைச் சொல்லலாம், குடிகாரக் கணவனைச் சொல்லலாம். ஒரே நிபந்தனை, அது முடிந்துபோயிருக்க வேண்டும். கடன் இருந்தது, அடைந்தது. கட்டி இருந்தது, ஸ்கேனில் காணோம். குடித்தார், விட்டுவிட்டார். ‘இன்னும் இருக்கிறது, தீருமா என்று தெரியவில்லை’ என்று யாரும் மைக்கைப் பிடித்துச் சொல்வதில்லை. அப்படிப்பட்டவருக்கு ஜெபக்குறிப்பு இருக்கிறது. அது துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது, பாட்டில் ஏறாது. துன்பத்துக்கு இறந்தகாலத்தில்தான் அனுமதி. கிராண்ட் நிகழ்காலத்தில் பாடினார். பெயர் இருந்திருந்தால்கூட அது நெருடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதற்குச் சான்றாக மண்டிசாவைச் சொல்லலாம். உயிர்த்தோழியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, கடும் மனச்சோர்வில் வெளியுலகத்தைவிட்டே ஒதுங்கியிருந்த அந்தக் கிறிஸ்தவப் பாடகி 2017-இல் ‘அவுட் ஆஃப் தி டார்க்’ தொகுப்போடு திரும்பிவந்தார். இருளிலிருந்து வெளியே வந்தாயிற்று என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. சாட்சியின் இலக்கணம் பிசகவில்லை, சபைகள் அணைத்துக்கொண்டன. ஆனால் என் வாதத்துக்கு எதிரான சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2008-இல் ஐந்து வயது மகளை விபத்தில் இழந்த ஸ்டீவன் கர்டிஸ் சாப்மன், அடுத்த ஆண்டே ‘பியூட்டி வில் ரைஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். காயம் ஆறியிருக்க வழியே இல்லை. அவரை யாரும் தள்ளிவைக்கவில்லை. ஆக, நிகழ்காலத் துக்கம் எல்லாமே விலக்கப்பட்டதில்லை. சாவுக்குச் சலுகை உண்டு. சாவில் குற்றவாளி கிடையாது, உயிர்த்தெழுதல் என்ற முடிவும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. மணமுறிவில் இரண்டும் இல்லை. யார் தப்பு என்ற கேள்வி வரும், முடிவு யாருக்கும் தெரியாது. ஆம்பூரில் புருஷன் விட்டுப்போன பெண்ணைவிடப் புருஷன் செத்துப்போன பெண்ணுக்குச் சபையில் உட்கார எளிதான இடம் கிடைப்பதும் இதனால்தான்.

வேலூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயில் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டவர். சதை தானாக அழுகி விழுகிறது என்றே அதுவரை ஊரும் உலகமும் நம்பின. அவர் கண்டறிந்த விடை எளிது. நோய் நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது. வலி போனபின், சூடு என்று தெரியாமல் அடுப்புப் பாத்திரத்தைத் தூக்கி, முள் என்று தெரியாமல் மிதித்து, மனிதனே தன் கையையும் காலையும் அழித்துக்கொள்கிறான். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாமல் போக, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டதை அவர் எழுதியிருக்கிறார். அவன் விரல் எலும்பு தெரிய அறுபட்டிருந்தது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 1955-இல் உருவான கரிகிரி மருத்துவமனையில் உணர்விழந்த பாதங்களுக்கென்று எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் இந்த வட்டாரத்தில் வலியே தெரியாத கால்களுக்கும் செருப்பு தயாரானது. வலியைக் கொடை என்றே அழைத்து 1993-இல் ஒரு நூல் வந்தது, பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதியது. அந்த வாதத்தில் காலம் முக்கியம். பூட்டைத் திருகும் அந்த நொடியில் வலித்தால்தான் விரல் பிழைக்கும். மறுநாள் வலித்து என்ன பயன்? சபையும் ஓர் உடல் என்று பவுல் எழுதியதைப் பிரசங்கத்தில் ஓயாமல் கேட்கிறோம். ஆறிய பிறகு மட்டுமே வலியைச் சொல்லலாம் என்று விதி வைத்திருக்கும் உடல், அறுபடுகிற விரலை எப்படி அறியும்?

பிராண்டைப் பற்றி நினைத்தால் அவருடைய நூல்களில் படித்த இன்னொரு செய்தியும் கூடவே வந்து நிற்கிறது. வாதத்துக்கு அது அவ்வளவு தேவையில்லை என்றாலும் தள்ள மனம் வரவில்லை. அவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல், அவருக்குப் பதினைந்து வயது நிரம்பும் முன், தந்தை ஜெஸி மலைக்காய்ச்சலில் இறந்துபோன செய்தி தந்தியில் வந்தது. கடிதங்களோ கப்பலில் வருபவை. இறந்துபோன தகப்பனின் கடிதங்கள் தந்திக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன. மலையில் பார்த்த மரங்களைப் பற்றி, அடுத்துச் சந்திப்பதைப் பற்றி, உயிரோடிருப்பவர் எழுதியவை. முடிந்துபோன ஒன்று பிள்ளையின் கையில் நடந்துகொண்டே இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்குக் காலம் இப்படித்தான் குழம்பிக் கிடக்கும். நேர்க்கோட்டில் ‘இருந்தது, தீர்ந்தது’ என்று சொல்லச் சொல்வது, நடந்ததைப் பிற்பாடு திருத்தி எழுதச் சொல்வதுதான்.

சபைப்பாட்டு வேறு, நாட்குறிப்பு வேறு என்பார்கள். ஊர்கூடிப் பாடவேண்டியதில் ஒருத்தியின் படுக்கையறைச் சோகத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். அவை ஆலயத்தில் ஊர்கூடிப் பாடப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகின்றன. 88-ஆம் சங்கீதம் மட்டும் திரும்பவே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் சேர்த்து ஒட்டியிருக்கலாம், ஒட்டவில்லை. ‘அதுவும் கடவுளை நோக்கிய புலம்பல்தானே, இந்தம்மாள் கடவுள் பெயரையே எடுக்கவில்லையே’ என்றால், எபிரெய மூலத்தில் எஸ்தர் புத்தகத்தின் பத்து அதிகாரங்களிலும் கடவுளின் பெயர் இல்லை. நிமிடக் கணக்கு வைத்தால் அதை வேதத்திலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி தன் கசப்பை ஊர்ப் பெண்களிடம் கொட்டினாள். அது ஜெபமில்லை, கடவுள் மேல் குற்றச்சாட்டு. பெண்கள் யாரும் அவளைத் திருத்தவில்லை. யோபுவைத் திருத்த வந்த எலிப்பாஸும் நண்பர்களும் இறையியல் பிசகாமல் பேசினார்கள். கதையின் கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் விழுகிறது. தமிழில் இதற்கு வேர் இல்லை என்றும் சொல்ல முடியாது. புறநானூற்றில் கையறுநிலை என்றே ஒரு துறை உண்டு, ஆறுதல் சொல்ல அதற்குக் கட்டாயம் கிடையாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி விரகத்தில் வாடுகிறாள். அது பக்தியின் உருவகம், உண்மையான மனைவியின் மனமுறிவு இல்லை என்று மறுக்கலாம், மறுப்பு நியாயமே. உருவகத்தில் அனுமதித்ததை ஊனும் இரத்தமுமாக வந்தபோது மறுக்கிறோம் என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

வலுவான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. வாரத்தில் ஆறு நாள் தோல் ஷாப்பில் டிரம்மோடும் சுண்ணாம்புக் குழியோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கும், ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமையாவது ஜெயப்பாட்டு வேண்டாமா? ஆறு நாளும் அழுததை ஏழாம் நாளும் அழவா சபைக்கு வருகிறார்கள்? கைதட்டிப் பாடிக் களைப்பைக் கரைப்பதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர்கள். எனவே ஜெயப்பாட்டை எடுத்துவிட வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் கேட்கலாம். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் கழிவுச்சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அது சனிக்கிழமை. மறுநாள் ஆராதனை. அந்த ஞாயிறன்று பாடுவதற்கு நம் பாட்டுப் புத்தகங்களில் எத்தனை பாட்டு இருக்கிறது?

இங்கே நிறுத்தினால் வாதம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் பிராண்டே இன்னொன்றும் செய்து பார்த்தார். 1966-இல் அமெரிக்கா போனபின், கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் செயற்கை வலியை உருவாக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தமானிகள். ஆபத்து வந்தால் முதலில் ஒலி, பிறகு விளக்கு. யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் மின்னதிர்ச்சி வைத்தார்கள். அதற்கு நோயாளிகள் கண்ட வழி, வேலை முடியும்வரை கருவியை அணைத்துவிட்டு, முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வது. அணைக்கக்கூடிய வலி காப்பாற்றாது என்று கண்டு பிராண்ட் அந்த முயற்சியைக் கைவிட்டார். இசைத்தொகுப்பும் அணைக்கக்கூடியதுதானே. ஒப்பாரி வைக்கும் வீட்டில் தெருவே கேட்டாக வேண்டும், கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கும். ஹெட்போனில் கேட்கும் மனமுறிவு மூன்று நிமிடம் தனியாக உருக்கிவிட்டு அடுத்த பாட்டுக்கு நகர்ந்துவிடும். இசைக் கம்பெனிக்கு விற்பனை, நமக்கு லேசான இதம். அப்படியானால் கிராண்டின் தொகுப்பு வலியா, வலியின் நகலா? பாடியவருக்கு அது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்டவர்களுக்கு என்ன செய்தது என்பதில் ஒருநாள் ஒரு பக்கம் சாய்கிறேன், மறுநாள் மறுபக்கம். பெயரை எண்ணியவர்கள்கூட, தெரியாமலேயே, அது தங்களைத் தொட்டுவிட்டதால்தான் எண்ண ஆரம்பித்தார்களோ என்றும் தோன்றுகிறது. அப்படியானால் கருவி வேலை செய்திருக்கிறது.

இந்தக் குழப்பத்தோடுதான் பாட்டுப் பட்டியல் போடும் பாஸ்டர்களிடமும் ஆயர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறு 88-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள். பிறகு விளக்கம் வேண்டாம், உடனே ஜெயப்பாட்டும் வேண்டாம், சிறிது நேரம் போகட்டும். அன்று ஜெபக்குறிப்புச் சீட்டுகளில் என்ன வருகிறது என்று பாருங்கள்.