பெல்ட் கட்டிய மறுநாள்

கராத்தேயில் பிளாக் பெல்ட் வாங்க என்னென்ன வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிவிடலாம். எங்கள் ஷோட்டோகான் வழியில் எழுதியும் வைத்திருக்கிறோம். வெள்ளையில் தொடங்கி, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஏறி, பிரவுனில் படிப்படியாக நின்று, பிறகுதான் கறுப்பு. ஒழுங்காக வருகிற பிள்ளைக்கே 3, 4 ஆண்டுக்குக் குறையாது. தேர்வன்று கிஹோன் என்கிற அடிப்படை அசைவுகள், கட்டா என்கிற வரிசை அசைவுகள், குமித்தே என்கிற நேருக்கு நேர் மோதல் மூன்றும் உண்டு. ஹேயான் கட்டா 5இல் எதைக் கேட்டாலும் தடுமாறாமல் செய்ய வேண்டும். டெக்கி ஷோடான் தெரிந்திருக்க வேண்டும். பாஸாய் டாய் போல ஒரு பெரிய கட்டாவைத் தானே தேர்ந்துகொண்டு செய்து காட்ட வேண்டும். குமித்தேயில் முழு வேகத்தில் போன கையை எதிராளியின் மேல் படுவதற்குள் நிறுத்தத் தெரிய வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் குத்துதான் பெரிதாகத் தெரியும். எங்களுக்கு அந்த நிறுத்தம்தான் பெரிது. இவற்றோடு தேர்வுக் கட்டணம், போட்டோ, பிறந்த தேதிச் சான்று. பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வகுப்பு எடுப்பது ராஜபாளையத்தில், ஒரு பள்ளி மைதானத்தில், சாயங்கால வேளையில். மேற்கே மலை இருக்கிறது. வெயில் சீக்கிரமே இறங்கிவிடும். மில்லில் ஷிப்ட் முடித்து வருகிற அப்பாக்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு சுவரோரம் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள். சத்திரப்பட்டியிலிருந்து வருகிற பிள்ளைகளும் உண்டு. அங்கே பேண்டேஜ் துணி நெய்கிற தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சேர்க்க வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “மாஸ்டர், பத்தாவது போறதுக்குள்ள பிளாக் பெல்ட் வாங்கிருவானா?”

இந்தக் கேள்வியை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாதக் கட்டணத்தை எண்ணி எண்ணிக் கொடுக்கிறவள், பத்தாம் வகுப்பு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்று அறிந்தவள், வேறு எப்படிக் கேட்பாள்? ஆனால் அதற்குள்ளே அவள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. தகுதி என்பது இத்தனை நாள் உழைத்தால் இவ்வளவு என்று சம்பாதிக்கிற பொருளா, அல்லது கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பதா? உழைப்பு முடிகிற இடத்தில் அது தானாக வந்து நின்றுவிடுமா?

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி பழையது. பெரியாழ்வார் கதையே ஒரு தேர்வின் கதைதான். பாண்டியன் அவையில் பொற்கிழி கட்டித் தொங்குகிறது. பரம்பொருள் எது என்று நிறுவுகிறவருக்கே அது. சாத்திரம் கரைத்துக் குடித்தவர்கள் கூடியிருக்கிறார்கள். அங்கே போனவரோ வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, பூத்தொடுத்து, வடபத்ரசாயிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார். வாதத்துக்காக அவர் எதையும் படித்துத் தயாராகவில்லை. போ என்று பெருமாளே சொல்லியும் தயங்கினார் என்கிறது குருபரம்பரைக் கதை. அவர் பேசினார், கிழி தானே தாழ்ந்து வந்தது. தேர்வாளர் யாரும் மதிப்பெண் போடவில்லை, கட்டி வைத்த பரிசே வளைந்து கொடுத்தது.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது அந்தக் கிழி வளைந்ததுதான் அதிசயமாக இருந்தது. இப்போது எனக்கு அதற்குப் பிந்தியதுதான் முக்கியம். மன்னன் அவரை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். அந்தக் காட்சியைக் காணப் பெருமாளே கருடன் மேல் வந்து நின்றார். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில், இன்னும் ஏதாவது வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் தான் வென்றதை நினைத்து நெகிழ்ந்திருப்பார்கள். பெரியாழ்வாரோ பயந்துபோனார். இப்படி எல்லார் கண்ணிலும் பட நிற்கிறாரே, அவருக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று பயம். யானையின் கழுத்து மணியையே தாளமாக எடுத்துக்கொண்டு பெருமாளுக்குப் பல்லாண்டு பாடினார். காக்கிறவனுக்கே காப்பு. பிறகு பொற்கிழியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பூப்பறிக்கப் போய்விட்டார்.

ஜெயிப்பதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த அதே வேலையை ஜெயித்த மறுநாளும் செய்தார். என் மனதில் தங்கிவிட்டது இதுதான்.

சம்பாதிப்பதா, கொடுக்கப்படுவதா என்ற அந்தக் கேள்வியை வைத்து வைணவத்தில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது; பூனைக்குட்டியைத் தாய்தான் வாயில் கவ்வித் தூக்கிப் போகிறது. நம் பங்குக்கு ஒரு பிடிப்பாவது வேண்டும் என்பவர்களுக்கு முதலாவதையும், பெருமாள் தூக்குவதைத் தடுக்காமல் இருந்தாலே போதும் என்பவர்களுக்கு இரண்டாவதையும் உவமையாகச் சொல்வார்கள். வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் சொன்னதை இப்படி இரண்டு குட்டிகளுக்குள் அடக்குவது எளிமைப்படுத்தல்தான். இருந்தாலும் எங்கள் ஊர் ஆண்டாள் கோயில் தென்கலை மரபுக் கோயில். பிள்ளை லோகாசாரியர் வழியில் நான் கேட்டு வளர்ந்த பாடம் இது: நம் முயற்சி அவனை அடைவதற்கான விலை ஆகாது, வழியும் அவனே. அப்படியானால் மாலை கட்டுவது, கோலமிடுவது, விளக்கேற்றுவது எல்லாம் எதற்கு? அவை கைங்கரியம். எதையும் வாங்குவதற்காகச் செய்வதில்லை, பெற்றுவிட்டதனால் செய்வது.

இதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவர முடியுமா? இந்த இடத்தில் நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். முடியாது என்பதுதான் என் பதில். தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பெருமாள் இல்லை.

எனக்கு முதலில் கம்பு சொல்லிக்கொடுத்த சிலம்ப வாத்தியாரிடம் பெல்ட்டும் கிடையாது, தாளும் கிடையாது. மண்ணைத் தொட்டுக் கும்பிட வைத்து, கம்பே கொடுக்காமல் காலடி போட வைப்பார். பிறகு வீடு கட்டுவது, பிறகு வீச்சு, பிறகுதான் ஆள் எதிரில் ஆள். ஒருநாள் சின்னப் பிள்ளைகள் வந்து நின்றபோது தன் கம்பை என்னிடம் நீட்டி, “இன்னிக்கு நீ சொல்லிக் குடு, தாயி” என்றார். எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான். இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற எந்தச் சான்றிதழையும்விட அது எனக்குப் பெரிது. ஆனால் என்னோடு ஆடிய பையன்களில் நல்ல கை உள்ள இருவருக்கு அவர் அப்படிக் கம்பை நீட்டவே இல்லை. ஏன் என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. என்ன குறை என்று தெரிந்திருந்தால் சரிசெய்திருப்பார்கள். கொடுப்பவர் மனதைப் பொறுத்தது என்றாகிவிட்டால் கிடைக்காதவன் தேடிப்போக வழியே இல்லை. அதனால்தான் எனக்குத் தாள் வேண்டும். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற, சாதிக்கும் சொந்தத்துக்கும் பணத்துக்கும் வளையாத தாள் வேண்டும். கட்டணத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு சில மாதத்தில் கறுப்பு கட்டிவிடுகிற கடைகளும் இருக்கின்றன என்பது பெற்றோருக்கே தெரியும்.

தாளிலும் அநியாயம் எழுதலாம். கெய்கோ ஃபுகுதா என்ற ஜப்பானியப் பெண் 1913இல் பிறந்தவர். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவுக்கு ஜுஜுத்சு கற்றுக்கொடுத்தவரின் பேத்தி, கானோவிடமே பயின்றவர். டான் என்பது கறுப்பு பெல்ட்டுக்குள் ஏறுகிற படி. பெண்களுக்கு 5ஆம் டானுக்கு மேல் கிடையாது என்று விதி இருந்ததால் ஆண்டுக்கணக்கில் அதிலேயே நிறுத்தப்பட்டார். 1972இல்தான் 6ஆம் டான் வந்தது. 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு 10ஆம் டான் கொடுத்தது. என்ன செய்தாய் என்று கேட்க வேண்டிய தாள், நீ யார் என்று கேட்டுவிட்டது. சூடிய மாலையைக் கொடுத்த ஆண்டாள் ஊரில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் விதியை மீறிச் சூடிப் பார்த்ததையே பெருமாள் விரும்பி ஏற்றார். இன்றைக்கும் அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் அழகருக்கும் பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் போகிறது. மீறல் அங்கே முறையாகிவிட்டது. ஜூடோவில் ஃபுகுதா பல ஆண்டுகள் காத்திருந்தார். இடையில் ஒருநாளும் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை, சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் காலம் வரை வகுப்பெடுத்தார். 2013இல் காலமானார்.

இந்த டான் முறையே அப்படி ஒன்றும் ஆதியிலிருந்து வந்ததில்லை. கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் சில மாணவர்களை வைத்துக் கொடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு சைகோ ஷிரோ, தொமிதா த்சுனெஜிரோ என்ற இருவருக்கு முதல் டான் கொடுத்தார். இடுப்பில் கறுப்பு கட்டும் வழக்கம் அதற்கும் சில ஆண்டு பிந்தியது. ஒக்கினாவாவிலிருந்து கராத்தேயைக் கொண்டுவந்த ஃபுனாகோஷி அதே முறையை எடுத்துக்கொண்டு 1924 ஏப்ரல் 10 அன்று 7 பேருக்கு முதல் டான் வழங்கினார். கானோவுக்கு யார் டான் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. முதலில் கொடுத்தவரிடம் அந்தப் பட்டம் இல்லை. பழைய ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்தது இருந்தது, தானே அதில் கழித்த வருஷங்கள் இருந்தன. சங்கிலியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் சான்றிதழ் இல்லாத ஒருவர் கையில்தான் போய் நிற்கிறது. அவர் ஏன் கொடுத்தார் என்று யோசித்தால், அவருக்குக் கிடைத்தது அவரோடு நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

திருக்கோஷ்டியூர் நம்பி ராமானுஜரை 18 முறை நடக்க விட்டார் என்பது எல்லாரும் அறிந்த கதை. ஒவ்வொரு முறையும் இன்னும் பக்குவம் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார். 18ஆம் முறை மந்திரப் பொருள் கிடைத்தது. கிடைத்ததும் ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். தான் நடந்த நடையை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மந்திரத்தை அப்படிச் சொல்லலாம். கேட்கிறவர் யாரானாலும் அதனால் இன்னொருவருக்குக் காயம் வராது. கறுப்பு பெல்ட்டைக் கோபுரத்திலிருந்து வீச முடியாது. இவரை நம்பி உன் பிள்ளையை அனுப்பலாம், அடிக்கவும் தெரியும் நிறுத்தவும் தெரியும் என்று அது ஊருக்குச் சொல்கிறது. நிறுத்தத் தெரியாத கையில் அதைக் கட்டினால் பல் போவது எங்கேயோ ஒரு சின்னப் பிள்ளைக்கு.

ஆக, நான் வந்து நின்ற இடம் இது. தேர்வாளராக உட்காரும்போது நான் குரங்குக்குட்டிக் கட்சி: பிடி சரியாக இருந்தால்தான் கையெழுத்து, இல்லையென்றால் எது சரியில்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். ஆனால் எதிரில் நிற்கும் பிள்ளை, உள்ளுக்குள் பூனைக்குட்டியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இத்தனை வருஷம் அவனைக் கொண்டுவந்து விட்ட அப்பாவின் சைக்கிள், எதிரில் நின்று குத்து வாங்கிய தோழன், ஹேயானை ஆயிரம் தடவை திருத்திய அக்கா, அதற்கு முன்னால் ஒக்கினாவாவில் யாரோ ஒருவர். இவர்கள் தூக்கி வந்து விட்டதுதான் அவன் நிற்கும் இடம். நான் உழைத்தேன், எனக்குக் கிடைத்தது என்று மட்டும் நினைக்கிறவன் கணக்கைத் தீர்த்துவிட்டான். அவனுக்கு மறுநாள் மைதானத்துக்கு வரக் காரணம் இல்லை.

வராமலும் போகிறார்கள். பெல்ட் கட்டி, போட்டோ எடுத்து, பள்ளி நோட்டீஸ் போர்டில் பெயர் வந்து, அதோடு சரி. பிளஸ் டூ, நீட், கோயம்புத்தூர் காலேஜ் என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டு போகிறது; அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மதுரையில் நர்ஸாக இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி மைதானத்தை மிதித்து வருஷக்கணக்காகிறது. வார்டில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவனின் கையைப் பிடித்து, அவனுக்கும் வலிக்காமல் உட்கார வைத்ததைப் போனில் சொன்னாள். அவள் பெல்ட்டை விட்டுவிட்டாள் என்று எந்தத் தாளைக் காட்டி நான் சொல்வேன்? இன்னொருத்தி சத்திரப்பட்டியில் தன் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் காலடி சொல்லிக்கொடுக்கிறாள். அவள் இன்னும் பிரவுன்தான். வரும் தேர்வில் தேறுவாளா என்று எனக்கே தெரியாது, பாஸாய் டாயில் திரும்பும்போது இடதுகால் இன்னும் நழுவுகிறது. தேறாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் பெரியாழ்வார் மறுநாள் செய்ததை அவள் முதல் நாளே தொடங்கிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

என்னோடு தேர்வு நடத்துகிற அண்ணன் ஒருவர் சமீபத்தில் ஒரு யோசனை சொன்னார். கறுப்பு வாங்குகிறவர்கள் அடுத்த ஒரு வருஷம் வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடலாம், வராதவர்களின் சான்றிதழை நிறுத்தி வைக்கலாம் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். வகுப்புக்கு ஆளும் தேவை. நான் வேண்டாம் என்றேன். எழுதி வாங்கினால் அதுவும் தேர்வுக் கட்டணத்தோடு சேர்ந்துவிடும் அண்ணே, அந்த ஒரு வருஷம் முடிந்ததும் மறுபடியும் கணக்குத் தீர்ந்துவிடும் என்றேன். “அப்ப ஒருத்தனும் வராமப் போனா?” என்றார். போகட்டும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தேர்வுத் தேதி குறிப்பதற்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.