மீன் சாப்பிட மாட்டேங்குது

'மீன் சாப்பிட மாட்டேங்குது' என்று யாராவது சொன்னால் என்ன நினைப்பீர்கள்? வீட்டில் பிள்ளை மீன் குழம்பைத் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்றுதானே? சின்னமனூரிலிருந்து போன் செய்த நண்பர் சொன்னது அதுவல்ல. சாப்பிட மறுத்ததே மீன்தான்!

நண்பருக்கு வாழைக்காய் வியாபாரம். முல்லைப் பெரியாறு பாய்ந்து நெல்லும் வாழையும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, மனுஷனுக்குக் கடல் தண்ணீர் மேல் ஆசை வந்துவிட்டது. கடல் மீன் தொட்டி வைத்தார். சமையல் உப்பைக் கரைத்தால் அது கடல் ஆகிவிடாது. மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. அதையும் செய்தார். சென்னையிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஆக்ஸிஜன் அடைத்து மீன் வந்து இறங்கியது. வண்ணத்துப்பூச்சி மீன் வகை. வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், முதுகுத் துடுப்பில் இன்னொரு கண் மாதிரி ஒரு கரும்பொட்டு, ஊசி போல் நீண்ட வாய். அழகுதான், சந்தேகமில்லை.

"நாலு நாளாச்சுண்ணே. ஒரு வாய் திங்கல. இருக்கதுலயே ஒசத்தித் தீனிதான் போடுறேன். கிட்ட வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருது. ஊரை விட்டு வந்த கோவமா இருக்குமோ?"

கோபம்! இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சாப்பிட மறுப்பது நமக்குப் பெரிய விஷயம். நம் வீடுகளில் கோபம் வந்தால் முதலில் தள்ளிவைக்கப்படுவது சாப்பாட்டுத் தட்டுதான். சேர மன்னன் கணைக்கால் இரும்பொறை சோழனின் சிறையில் தண்ணீர் கேட்டான். காவலர்கள் அலட்சியமாகத் தாமதித்துக் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க மறுத்து உயிரையே விட்டான் என்கிறது புறநானூற்றின் 74-ம் பாட்டோடு வரும் குறிப்பு. அந்தப் பழக்கத்தில், மீன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாலும் நமக்கு அதில் மானமும் ரோஷமும் தெரிகிறது.

மீனுக்கு ரோஷமும் இல்லை, உண்ணாவிரதமும் இல்லை. நீங்கள் போட்டது சாப்பாடு என்றே அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த நீண்ட வாய் எதற்கு? பவளப்பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு புழுக்களையும் கூனிகளையும் குத்தி எடுக்க. பிறந்ததிலிருந்து அப்படியே சாப்பிட்ட ஜீவன் முன்னால், டப்பாவிலிருந்து எடுத்த உலர்ந்த உருண்டை விழுகிறது. உங்கள் இலையில் யாராவது ரப்பர் பந்தை வைத்து 'உசத்தி ரகம், சாப்பிடுங்க' என்றால் நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டீர்கள். முழிப்பீர்கள்.

நண்பர் என்ன செய்தார்? இன்னும் அதிகமாகப் போட்டார். நாம் எல்லோருமே செய்வதுதான். 'கொஞ்சமாவது சாப்பிடட்டுமே.' மீன் தொட்டியில் இதைவிட ஆபத்து கிடையாது. தின்னாத தீனி அழுகும், அம்மோனியா ஏறும். பட்டினி கொல்வதற்கு முன்னால் தண்ணீர் கொன்றுவிடும். அப்படி அள்ளிப் போடுவது மீனின் வயிற்றுக்கு அல்ல, நம் மனசாட்சிக்கு.

அனுபவசாலிகள் வழி வேறு. விளக்கைக் குறை. ஒளிந்துகொள்ள இடம் கொடு. முரட்டு மீன்களைப் பிரித்து வை. தண்ணீரைச் சோதி. பிறகு, அதற்குத் தெரிந்த உணவை அதற்குத் தெரிந்த வடிவத்தில் வை. உயிருள்ள ஆர்ட்டிமியாவை விடலாம். அல்லது மட்டியைத் திறந்து ஓட்டோடு வைக்கலாம். அது பழகியபின் உறையவைத்த இறால் துணுக்கு, கடைசியில்தான் டப்பா தீனி. நண்பர் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் மட்டி வரவழைத்தார். ஏழாவது நாள், ஓட்டின் இடுக்கில் வாயை விட்டு மீன் ஒரு கொத்து கொத்தியது. போனில் அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும், பேரன் பிறந்த மாதிரி!

சந்தோஷம். ஆனால் கேள்வி தீர்ந்துவிட்டதா? சாப்பிடுவது வேறு, சம்மதிப்பது வேறு. மீனுக்கு வலிக்குமா, அது துன்பப்படுமா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். விவாதம் முடியும்வரை வயிறு காத்திருக்காது. ஒரு ஜீவனிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதற்கு அதற்கு ரோஷம் இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பசிக்கும், அதன் சாப்பாடு கிடைக்கிற இடத்திலிருந்து அதைத் தூக்கிவந்தது நாம். இது போதாதா?

நான் காமர்ஸ் படித்தவன். லயபிலிட்டி என்பதைத் தமிழ்க் கணக்குப் புத்தகத்தில் 'பொறுப்புகள்' என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு பொருத்தமான வார்த்தை! கடைக்காரர் தரும் பில்லில் மீனின் விலை இருக்கும், பொறுப்பு இருக்காது. அதுவும் திருப்பித்தர முடியாத பொறுப்பு. முல்லைப் பெரியாற்றில் விட்டால் மீன் செத்துப்போகும். அந்நிய மீனைக் கண்ட கடலில் விட்டால் கடலுக்கே கேடு. இந்தோ-பசிபிக் கடல்களின் சிங்க மீன் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் தென்பட்டது. வளர்த்தவர்கள் விட்டதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். இன்று கரீபியன் பாறைகளில் அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

அடுத்த மாதம் நண்பர் இன்னொரு கேள்வி கேட்டார். கடையில் அதே வகை மீன் ஒன்று, ஒட்டிய வயிறோடு கிடக்கிறதாம். "பாவம்ணே, நாமளாவது வாங்கிக் காப்பாத்திருவமா?"

நல்ல மனசு. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நான் வேண்டாம் என்றேன். உங்கள் கருணை கடைக்காரர் கணக்கில் விற்பனை. காலியான தொட்டிக்கு அவர் இன்னொன்றை வரவழைப்பார். ஒன்றைக் காப்பாற்றிய புண்ணியத்தில் இன்னொன்று கடலிலிருந்து கிளம்பும். அந்த ஒட்டிய வயிற்று மீனுக்கு இது நியாயமா என்று கேட்டால், இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வருவது லேசான காரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் கருணை கொஞ்சம் முன்னாலேயே வர வேண்டும் என்கிறேன், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால். கடல் மீன் வளர்த்தே தீர வேண்டுமா? மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீனுக்குக் கடலைத் தெரியாது, டப்பா தீனியைத் தெரியும். அதைக் கேட்டு வாங்குங்கள். எந்த மீனானாலும், பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்:

"கொஞ்சம் தீனி போடுங்க. சாப்பிடுதான்னு பார்க்கணும்."

சாப்பிடவில்லையா? அழகை ரசித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். எல்லோரும் அப்படிக் கேட்க ஆரம்பித்தால், சாப்பிடாத மீனைக் கடலிலிருந்து பிடித்துவர யாருக்கும் கட்டுப்படியாகாது.